ஏகமனதாக

சவுரியப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் சீங்காட்டுப்பட்டியில் இரண்டே பேர்தான். ஒருவர் மாதா கோயில் சாமியார். இன்னொருத்தி அவருடைய அக்கா தீர்த்தம்மாள். மற்ற எல்லாருக்கும் அவர் ‘கிளார்க்கு’. அந்தப் பதவிக்கு ஊராட்சி செயலர் என்று அரசாங்கம் பெயர் மாற்றி வெகுகாலம் ஆகிவிட்டது. அந்தப் பெயர் ஆபீஸ் சுவரில் பெயிண்டால் எழுதியதோடு சரி. யார் வாயிலும் ஏறவில்லை.

ஊராட்சி என்றால் ஒரே ஊர் இல்லை, தள்ளித் தள்ளி இருக்கும் சின்னக் குடியிருப்புகள், ஏழு கொட்டாய்கள். கரட்டடியில் ஒன்று, ஏரிக்கரையில் இரண்டு, கடத்தூர் சந்தைக்குப் போகிற தார்ரோட்டை ஒட்டி மூன்று, எல்லாவற்றுக்கும் தள்ளி மானாவாரிக் காட்டுக்கு நடுவில் ஒன்று. எந்தக் கொட்டாயில் குழாய்த்தண்ணி எத்தனை மணிக்கு வரும், எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, யாருக்கு முதியோர் பென்ஷன் நின்றுபோயிருக்கிறது என்பதெல்லாம் சவுரியப்பனுக்கு மனப்பாடம். 1996இல் ஊராட்சித் தேர்தல் மறுபடி நடந்தபோது பகுதிநேர எழுத்தராகச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. அதன்பிறகு ஐந்து தலைவர்கள் வந்து போனார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத தலைவர்கள். ஐந்து பேரிடமும் ‘சரிங்க’ என்று சொல்லியே காலம் தள்ளினார். அதனாலேயே ஐந்து பேருக்கும் அவரைப் பிடித்திருந்தது.

அவருடைய அப்பா கிணறு வெட்டுகிறவர். சவுரியப்பனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, வெடி வைத்த கிணற்றில் கல் சரிந்து செத்துப்போனார். அடுத்த வருஷமே காமாலையில் அம்மாவும் போய்விட்டாள். தீர்த்தம்மாளுக்கு அப்போது பதினாறு வயது. தம்பியை அவள் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. கடலைக்காய் பறிக்கப் போனாள், ரோட்டுக்கு ஜல்லி உடைத்தாள். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அவனை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். அவளுக்கு அ, ஆ தெரியாது. தம்பி பத்தாவது முடித்த பிறகுதான் கல்யாணத்துக்கே சம்மதித்தாள். கட்டிக்கொண்டவர் லாரி கிளீனர். பன்னிரண்டு வருஷம் வாழ்ந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஒரே மகன் பெங்களூர்ப் பக்கம் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வருவான், சில வருஷம் அதுவும் இல்லை.

தீர்த்தம்மாள் சவுரியப்பனின் வீட்டுக்கு எதிர்வீட்டிலேயே இருந்தாள். அவர் மனைவி பிலோமினா என்ன குழம்பு வைத்தாலும் ஒரு கிண்ணம் ரோட்டைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போகும். கிண்ணம் ஒருநாளும் வெறுமனே திரும்பி வந்ததில்லை. இரண்டு கத்தரிக்காயோ ஒரு பிடி கீரையோ அதில் இருக்கும். தம்பி வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அவள் ஒப்பவில்லை. “கையும் காலும் நல்லாத்தானே இருக்குது எனக்கு” என்பாள். உண்மையில் கால் நன்றாக இல்லை. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டிருந்தது. ஆனால் நூறு நாள் வேலை இருந்தது. ஏரி தூர் வாருவது, வாய்க்கால் ஓரம் செடி வைப்பது என்று ஊருக்குள்ளேயே வேலை. வயதானவர்களுக்குக் கடினமான வேலை கொடுக்க மாட்டார்கள். அவள் குழி வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள், செடிக்கு முள் கட்டுவாள். பேங்கில் அவள் பேரில் பணம் விழும். மெஷினில் அவளே கைவைத்து எடுத்துவருவாள். அந்தப் பணத்தை எடுக்கப் போகும் நாளில் மட்டும் வெள்ளைச் சேலை கட்டிக்கொள்வாள், கோயிலுக்குப் போவதுபோல.

போன வருஷப் பிறப்போடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் அறிவிக்கவில்லை. ஒன்றிய அலுவலகத்து அதிகாரியே தனி அலுவலராக எல்லா ஊராட்சிகளையும் பார்த்துக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. சீங்காட்டுப்பட்டியை நாலு மைல் தள்ளியிருக்கும் தொட்டம்பள்ளி பேரூராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்றார்கள். ரோட்டோரக் கடைக்காரர்கள் சிலருக்குச் சந்தோஷம்தான், நிலத்துக்கு விலை ஏறும். கொட்டாய்ப் பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பேரூராட்சி ஆகிவிட்டால் நூறு நாள் வேலை கிடையாது. அது கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான்.

ஜனவரி இருபத்தாறாம் தேதி கிராமசபை. ஆபீசுக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். மற்ற வருஷங்களில் நாற்பது ஐம்பது பேர் வந்தாலே பெரிது. அன்றைக்கு இருநூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள், பெரும்பாலும் பெண்கள். கூட்டத்தைக் கவனிக்க அனுப்பிய அலுவலர் வந்து, கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, வருகைப் பக்கத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போய்விட்டார். மீதியை நடத்த வேண்டியது சவுரியப்பன்தான்.

முதலில் கையெழுத்து வாங்குவது, பேச்சு முடிந்த பிறகு தீர்மானத்தை எழுதிக்கொள்வது என்பதுதான் அங்கே எப்போதும் வழக்கம். கூட்டம் கலைந்தபின் ஆட்களைத் தேடிப் பிடிக்க முடியாது என்பதால் வந்த வழக்கம். சவுரியப்பன் தீர்மானப் புத்தகத்தை மேஜைமேல் விரித்து வைத்தார். தலைப்பும் தேதியும் எழுதி, நாலு பக்கம் இடம் விட்டு, அதற்கடுத்த பக்கங்களில் வரிசையாகக் கையெழுத்து வாங்கினார். தீர்த்தம்மாள் வரிசையில் வந்து நின்று இடது கட்டைவிரலை நீட்டினாள். விரலைப் பிடித்து மையில் ஒற்றி அவர்தான் வைத்தார்.

பின்னால் நின்ற பெண் கிண்டலாக, “என்னா எழுதியிருக்குதுன்னு கேட்டுக்கிட்டு வையி ஆயா” என்றாள்.

“எந்தம்பி எழுதறதுக்கு நான் எதுக்குடி கேக்கணும்?” என்றாள் தீர்த்தம்மாள்.

குடிநீர், தெருவிளக்கு, கொசு மருந்து என்று எட்டு பொருள் முடிந்து ஒன்பதாவதாக இணைப்பு விஷயத்தைச் சவுரியப்பன் படித்தார். படித்து முடிக்கவில்லை, முனியம்மாள் எழுந்துவிட்டாள். ஏரிக்கரைக் கொட்டாய்க்காரி, நூறு நாள் வேலையில் ஆள் கணக்கெடுப்பவள், யாருக்கும் பயப்படாதவள்.

“ஏங்க கிளார்க்கு, பேரூராட்சி ஆயிட்டா எங்களுக்கு வேல குடுப்பாங்களா?”

“அது… நகர்ப்புறத்துக்குன்னு வேற திட்டம் இருக்குதுன்னு சொல்றாங்க.”

“சொல்றாங்கன்னா யாரு சொல்றாங்க? எழுதிக் குடுப்பாங்களா? வூட்டு வரி ஏறுமா ஏறாதா? அதையும் சொல்லுங்க.”

“ஏறும்.”

“அப்போ வேண்டாம். எங்க ஊரு எங்க ஊராவே இருக்கட்டும். வேண்டாம்னு எழுதுங்க.”

வேண்டாம் வேண்டாம் என்று பந்தல் முழுக்கச் சத்தம். கை தூக்கச் சொன்னார். எல்லாக் கையும் மேலே போனது. ரோட்டோரக் கடைக்காரர்கள் நாலைந்து பேர்கூட வாயைத் திறக்கவில்லை. “எழுதிக்கிறேன்” என்றார் சவுரியப்பன். மனதாரத்தான் சொன்னார்.

மத்தியானம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். லீவு நாள் என்பதால் ஆபீசில் ஆள் இல்லை. துணை அதிகாரி பிரபாகர் மட்டும் இருந்தார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. சவுரியப்பனுக்கு நாற்காலி காட்டி, டீ வரவழைத்தார்.

“தீர்மானம் என்னாச்சு?”

“ஜனங்க ஒத்துக்கலீங்க சார். வேண்டாம்னு ஒரே சத்தம்.”

“எழுதியாச்சா?”

“இல்லீங்க. இனிமேத்தான் எழுதணும்.”

பிரபாகர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “லிஸ்ட்ல ஒன்பது ஊராட்சி இருக்குது. எட்டு வந்திருச்சு. எட்டுலயும் ஆட்சேபணை இல்ல. உங்களது ஒண்ணு மட்டும் வேண்டாம்னு வந்தா மேல என்னைக் கேப்பாங்க. நான் உங்களைக் கேக்கணும்.”

“ஜனங்க கேட்டா என்னாங்க சார் சொல்றது?”

“எந்த ஜனம் மினிட் புக்கைப் பாத்திருக்குது? முடிவு மேலயே பண்ணிட்டாங்க. நீங்க எழுதுனாலும் சேரும், எழுதலைன்னாலும் சேரும். உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்குது. கடைசிக் காலத்துல எதுக்கு உங்களுக்கு மலைப்பக்கம் டிரான்ஸ்பரு, விசாரணை எல்லாம்?”

சவுரியப்பன் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“சரிங்க” என்றார்.

திரும்பி வந்தபோது பந்தல்காரர்கள் சாமியானாவை மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினார். ‘பொருள் 9. இணைப்பு குறித்து சபையில் விரிவாக விவாதிக்கப்பட்டது. ஆட்சேபணை ஏதும் இல்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ இரண்டே வரி. எழுதும்போது கை நடுங்கவில்லை. வேறு ஆயிரம் தீர்மானங்களை எழுதிய மாதிரியே எழுதினார். பிற்பாடு அவருக்குத் தூக்கம் கெட்டது அதை நினைத்துத்தான். கை கொஞ்சமாவது நடுங்கியிருக்கக் கூடாதா?

ஏப்ரல் கடைசியில் ஆணை வந்துவிட்டது. ஊராட்சி ஆபீசின் பெயரை வெள்ளையடித்து மறைத்து, ‘தொட்டம்பள்ளி பேரூராட்சி, வார்டு 14’ என்று எழுதினார்கள். சவுரியப்பனுக்குப் பேரூராட்சி ஆபீசில் ஒரு மேஜை கொடுத்தார்கள், பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில். வரி விண்ணப்பங்களுக்கு எண் போடுகிற வேலை. நூறு நாள் வேலை நின்றது. ஏரிக்கரையில் பாதி வெட்டிய குழிகள் அப்படியே கிடந்தன.

ஒரு திங்கட்கிழமை முனியம்மாளும் இருபது பெண்களும் தர்மபுரிக்கு மனு கொடுக்கப் போனார்கள். தீர்த்தம்மாளும் போனாள். அங்கே அவர்கள் மனுவை வாங்கிப் படித்த அதிகாரி, “உங்க கிராமசபையே சம்மதம்னு தீர்மானம் போட்டிருக்குதேம்மா” என்று சொல்லி அந்தப் பக்கத்தையும் கையெழுத்துப் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அதை யாரும் நம்பவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, கூட வந்திருந்த கோகிலவாணி என்கிற காலேஜ் படித்த பெண் அதைச் சத்தமாக வாசித்தாள். ‘ஏகமனதாக’ என்ற இடம் வந்ததும் அதற்கு என்ன அர்த்தம் என்று தீர்த்தம்மாள் கேட்டாள்.

“எல்லாரும் ஒரே மனசா ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம் ஆயா.”

அன்று சாயங்காலம் பிலோமினா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சவுரியப்பன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். பெண்கள் கூட்டமாக வந்தார்கள். சண்டை வரும் என்று பிலோமினா பயந்து எழுந்து நின்றாள். முனியம்மாள் வாய் திறப்பதற்குள் தீர்த்தம்மாள் அவளைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னே வந்தாள். மடித்த காகிதங்களைப் பிரித்து நீட்டினாள்.

“இதுல எதுடா என்னோட ரேகை?”

சவுரியப்பன் காகிதங்களைப் புரட்டினார். கையெழுத்துப் பக்கங்களில் மூன்றாவது, வரிசை எண் நாற்பத்தொன்று. விரலை வைத்துக் காட்டினார்.

“மேல எழுதியிருக்கிறது நீதானா?”

“ஆமாக்கா.”

“நான் ஒத்துக்கிட்டேன்னா எழுதியிருக்கற?”

மேலதிகாரி சொன்னார், எழுதாவிட்டாலும் நடந்திருக்கும், இன்னும் மூன்று வருஷம்தான் என்று எத்தனையோ காரணம் அவர் நெஞ்சில் வரிசையாக நின்றது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒன்றுகூட வாய்வரை வரவில்லை. தீர்த்தம்மாள் காகிதங்களை மறுபடி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ரோட்டைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு மற்ற பெண்களுக்கும் சண்டை போடத் தோன்றவில்லை. முனியம்மாள் மட்டும், “நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

மறுநாள் அந்தப் பக்கத்தின் படம் எல்லார் போனிலும் ஓடியது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகள் சுசித்ரா போன் செய்தாள். “அப்பா, குரூப்ல ஒண்ணு வந்துச்சு. அது உங்க எழுத்துதானே?” என்று மட்டும் கேட்டாள். அவர் ஆமாம் என்றதும் போனை வைத்துவிட்டாள். டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். அதனால் டீக்கடையை விட்டார். பிலோமினா எதிர்வீட்டுக்கு அனுப்பிய கிண்ணம் மூடி திறக்கப்படாமலே திரும்பி வந்தது. இரண்டாவது தடவையும் வந்தது. மூன்றாவது தடவை அனுப்பவில்லை.

தீர்த்தம்மாள் தக்காளிக் காட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். காலை ஆறு மணிக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். இருபது மைல், சில நாள் இன்னும் தூரம். ஆட்டோவில் ஏற அவளால் முடியாது. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றுவார்கள். சவுரியப்பன் ஜன்னலுக்கு உள்ளே நின்று அதை ஒவ்வொரு நாளும் பார்ப்பார். ஒருநாள் பொறுக்காமல் வெளியே ஓடி, “அக்கா, வேண்டாம்க்கா, நான் பாத்துக்கறேன்” என்று கையைப் பிடித்தார். அவள் கையை விடுவித்துக்கொண்டு ஆட்டோப் பக்கம் திரும்பினாள். ஆட்டோவில் இருந்த பெண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

செப்டம்பரில் விடாத மழை. வரப்பில் கூடையோடு வந்தவள் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதே ஆட்டோவில் போட்டு தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை இருக்கிறது, இதயம் பலவீனம், உடனே ஆபரேஷன் முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். பிலோமினா உள்ளே இருந்து பார்த்துக்கொண்டாள். சவுரியப்பன் வராந்தாவில் இருந்தார். லீவு போட்டுவிட்டு இருபத்தாறு நாள், அந்த வராந்தாவிலேயே. அவர் உள்ளே போனால் தீர்த்தம்மாள் கண்ணை மூடிக்கொள்வாள். பிலோமினா ஊட்டினால் வாங்கிக்கொள்வாள். அவர் வாங்கிவந்த இளநீர் என்று தெரிந்தால் குடிக்கமாட்டாள். அதனால் பிலோமினா, பக்கத்துக் கட்டில்காரி கொடுத்தது என்று பொய் சொல்லிக் கொடுத்தாள்.

ஒருநாள் மத்தியானம் பிலோமினா மருந்து வாங்கப் போயிருந்தாள். நர்ஸ் வந்து சீட்டு கேட்கவே சவுரியப்பன் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நர்ஸ் போனபிறகு தீர்த்தம்மாள் கண்ணைத் திறந்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது அப்போதுதான்.

“அந்தச் சீட்டுல என் ஊரு என்னான்னு போட்டிருக்குது?”

அவர் சீட்டைப் பார்த்தார். புது முகவரியையே ஆஸ்பத்திரியில் பதிந்திருந்தார்கள். பொய் சொல்லலாம், அவளுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டில் இருந்தபடியே படித்தார்.

“தொட்டம்பள்ளி, வார்டு பதினாலுன்னு போட்டிருக்குதுக்கா.”

“ம்” என்றாள் தீர்த்தம்மாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்சநேரம் கழித்து, “போயி எதாவது சாப்புடு” என்றாள், சுவரைப் பார்த்தபடியே. கோபம் தீர்ந்து சொன்னாளா, போய்த் தொலை என்று சொன்னாளா? அவருக்குத் தெரியவில்லை. வராந்தாவுக்குப் போய் நின்றார். சாப்பிடவில்லை.

மூன்று நாள் கழித்து நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, பிலோமினா முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. பெங்களூரிலிருந்து மகன் வந்து சேர்ந்தான். கொட்டாய்ச் சனம் முழுக்க வந்தது. பெட்டியைத் தூக்க நான்கு பேர் வந்தபோது சவுரியப்பன் ஒரு முனையைப் பிடிக்கப் போனார். யாரும் தடுக்கவில்லை. யாரும் இடம் விடவும் இல்லை. அவர் பெட்டிக்குப் பின்னால் நடந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்த பத்தாம் நாள், சமையலறையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் மாவட்ட ஆட்சியருக்கு எழுதினார். ஜனவரி இருபத்தாறாம் தேதி கூட்டத்தில் ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை என்றும், பொருள் ஒன்பதில் எழுதியிருப்பது பொய் என்றும், அதை எழுதியது தான்தான் என்றும், யார் சொல்லி எழுதினேன் என்றும் எழுதினார். எழுதி முடித்து பிலோமினாவிடம் படித்துக் காட்டினார்.

“குடுங்க” என்றாள் அவள். “ஆனா இதைக் குடுத்துட்டா அவங்க எந்திரிச்சு வந்துருவாங்கன்னு மட்டும் நெனைக்காதீங்க.”

“நெனைக்கல.”

“அப்போ குடுங்க.”

ஒரு வாரத்தில் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. ஜனவரியில் விசாரணை வைத்தார்கள். விசாரணை அதிகாரி வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார். பிரபாகர் அதற்குள் வேறு ஒன்றியத்துக்கு மாறிப் போயிருந்தார். தான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

“அவர் சொன்னதுக்கு லெட்டரு, மெசேஜ் ஏதாவது வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார் அதிகாரி.

“இல்லீங்க. வாயாலதான் சொன்னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு.”

“புத்தகத்துல இருக்கறது உங்க எழுத்து ஒண்ணுதான்.”

“ஆமாங்க.”

சாட்சி சொல்ல முனியம்மாள் வந்திருந்தாள். கூட்டத்தில் என்ன நடந்தது என்பதைச் சொன்னாள். எல்லாம் பதிவாயிற்று. கடைசியில் அவள்தான் கேட்டாள், “அப்போ எங்க ஊரைத் திருப்பிக் குடுத்துருவீங்களாங்க?” அதிகாரி பேனாவை மூடினார். இந்த விசாரணை செயலர்மேல் மட்டும்தான், இணைப்பு அரசாணை, அதைத் தொட இங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை, வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார்.

வெளியே வந்து பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் கூட்டம். முனியம்மாளுக்கு உட்கார இடம் கிடைத்தது. சவுரியப்பன் தள்ளிப்போய்க் கம்பியைப் பிடித்து நின்றார். இரண்டு ஸ்டாப் தாண்டியதும் அவள் பக்கத்தில் இருந்தவர் இறங்கினார். காலியான இடத்தில் தன் பையை வைக்காமல், “வந்து உக்காருங்க” என்றாள். அவர் தயங்கி, பிறகு வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

“கோர்ட்டுக்குப் போறோம். கோகிலவாணி ஒரு வக்கீலைப் பாத்து வெச்சிருக்கா. நீங்க வந்து சொல்லணும்.”

“வர்றேன்.”

“ஆனா எனக்கு நம்பிக்க இல்ல. அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா ஒருவேள நின்னுருக்கும்.” அவள் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. பிறகு தானாகவே பேசினாள்.

“தீர்த்தக்கா தக்காளிக் காட்டுல எங்ககூடத்தான் இருந்துச்சு. சோறு தின்ன உக்காந்தா உங்களைத்தான் திட்டுவோம். அதுல நான்தான் அதிகம். அது ஒண்ணும் பேசாது. சோத்துத் தூக்குப்போசியை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயி வேற மரத்தடியில தனியா உக்காந்துக்கும். ஒருநாள் எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. ‘ஏன்க்கா, உன்னோட ரேகையைத்தானே அந்தாளு வித்தாரு, உனக்குக் கோவமே வரலையா’ன்னு கேட்டேன்.”

சவுரியப்பன் அவள் பக்கம் திரும்பினார். “என்னா சொல்லுச்சு?”

“‘வருதுடி. உங்களவிட எனக்குத்தான் அதிகமா வருது. ஆனா நீங்க திட்டறப்போ கூடச் சேந்து என்னால திட்ட முடியல’ன்னு சொல்லுச்சு.”

அவர் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, கல்லறையிலும் அழவில்லை. இந்தக் கூட்டத்துக்கு நடுவில், டிக்கெட் டிக்கெட் என்று கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றபோது அழுதார். முனியம்மாள் அவரைத் தேற்றவில்லை. தன் பையிலிருந்து சில்லறை எடுத்து அவருக்கும் சேர்த்து டிக்கெட்டுக்கு நீட்டினாள்.

“எந்த ஊரும்மா?” என்று கேட்டார் கண்டக்டர்.

“சீங்காட்டுப்பட்டி” என்றாள் அவள்.